ரிலீவர் வராமல் இறங்கக் கூடாது

மருதமுத்து நேரத்துக்கு வந்த நாள் ஒன்றைச் சொல் என்றால் எனக்கு ஒன்றுகூட நினைவுக்கு வராது. பதினேழு வருடமாக அவன்தான் எனக்கு ரிலீவர், என் ஷிப்ட் முடிந்ததும் வந்து வேலையை ஏற்றுக்கொள்கிற ஆள். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வாரிக் கொட்டுகிற பக்கெட் வீல் மெஷினில் நான் ஆபரேட்டர். எங்கள் ஷிப்ட் வாரா வாரம் மாறும். ஆனால் யாருக்குப் பின்னால் யார் என்பது மாறாது. என் தலையெழுத்து, எனக்குப் பின்னால் எப்போதும் அவன்.

மெஷினில் ஒரு சட்டம் உண்டு. ரிலீவர் வராமல் இறங்கக் கூடாது. அவன் கேபினுக்குள் ஏறி, "எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். எங்கே சத்தம் வருகிறது, எது சூடாகிறது என்று நான் சொல்ல வேண்டும். "நான் பாத்துக்கிறேன், நீங்க எறங்குங்க" என்று அவன் சொன்ன பிறகுதான் நான் இருக்கையை விட்டு எழுந்திருக்கலாம். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். மற்றவர்கள் எல்லாம் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்திருப்பார்கள். நான் மட்டும் பசியோடு கேபினில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மந்தாரக்குப்பம் டீக்கடையில் அவன் நிதானமாக டீயை ஆற்றிக்கொண்டிருப்பது என் கண்ணுக்கு நேராகத் தெரிவது போலிருக்கும்.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சுண்ணே" என்றபடி ஏறுவான். நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவன் இருக்கையைத் தன் உயரத்துக்கு ஏற்றி இறக்கிக்கொண்டே கேட்டுக்கொள்வான். எங்கள் பழக்கமே அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், அதிலும் நாலு நிமிடம் வசவு. அவன் வீடு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.

போன வருடம் என் மகன் பிரவீன்குமாருக்கு ரத்தத்தில் ஒரு நோய் என்று கண்டுபிடித்தார்கள். பத்தொன்பது வயது. பாலிடெக்னிக் கடைசி வருடம். வேலூரில் பார்த்த டாக்டர் அம்மா செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார். பிறகு, இந்த நோய்க்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் புது முறையில் சிகிச்சை செய்துபார்க்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவரிடம் எங்களைப் போல ஆயிரம் பேர் வருகிறார்கள். ஆனாலும் கேட்டார். அவர்கள் வரச் சொன்னார்கள். சிகிச்சைச் செலவும் தங்களுடையது என்றார்கள். வீட்டில் விளக்கேற்றும்போதெல்லாம் அந்த டாக்டர் அம்மாவின் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.

மகனுக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்கப்போகிறவள் என் மனைவி மணிமொழி. அதனால் அவளும் அங்கே ஒரு நோயாளி. அவளைத் தவிர, துணைக்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும் என்பதுதான் மருத்துவமனையின் நிபந்தனை. பையனுக்குக் கொஞ்ச நாள் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இருக்காதாம். துணைக்கு இருப்பவர் ஒரு தும்மல் தும்மினால் அறைக்குள் விட மாட்டார்கள். உடனே இன்னொருவர் உள்ளே போக வேண்டும். இரண்டாவது ஆளைக் காட்டாமல் சிகிச்சையைத் தொடங்க மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். முதல் ஆள் நான். இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது?

சேத்தியாத்தோப்பில் இருக்கும் என் அண்ணன் குழந்தைவேலிடம் கேட்டேன். "சம்பா நடவு நேரம்டா" என்றார். நடவு முடிய எத்தனை நாள் ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்று மாதம் அந்நிய நாட்டில், பாஷை தெரியாமல், குளிரில், நோயாளி பக்கத்தில் உட்கார யாருக்குத்தான் பயம் இருக்காது? குள்ளஞ்சாவடி மைத்துனன் உடனே வருகிறேன் என்றான். அடுத்த வாரம் போனை எடுக்கவே இல்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு மணிமொழி அழுவது வெளியே எனக்குக் கேட்டது.

மறுநாள் இரண்டு மணிக்கு மேல்தான் மருதமுத்து வந்து ஏறினான். நான் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாகப் போய்விட்டது.

"என்னாண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினேழு வருடத்தில் நாங்கள் அன்றைக்குத்தான் முழுதாகப் பத்து நிமிடம் பேசினோம்.

"பாஸ்போட்டு எங்கிட்ட இருக்குண்ணே. மச்சினன் கல்யாணத்துக்கு மலேசியா போனப்ப எடுத்தது. எம்பேரச் சொல்லிடுங்க."

"வெளையாடாத மருதமுத்து. மூணு மாசம்யா."

"மூணு மாசந்தான? லீவு கெடக்குது. நான் பாத்துக்கிறேன், நீங்க எறங்குங்க."

அந்த மலேசியாக் கல்யாணத்துக்கும் அவன் தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தான் என்று கேண்டீனில் ஒரு கதை உண்டு. அன்று ராத்திரி மணிமொழியிடம் நான் அதைத்தான் சொன்னேன். நேரத்துக்கு வராத ஆளை நம்பிப் பையனை எப்படி விடுவது?

"வர்றேன்னு சொன்னவங்க யாரு? அவரு ஒருத்தர்தான?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளே மருத்துவமனைக்கு அவன் பெயரை எழுதி அனுப்பினேன்.

விஷயம் தெரிந்து குவார்ட்டர்ஸே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. வெயிலில் வேகிற நெய்வேலியில் கம்பளிக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியின் ராஜஸ்தான் புராஜெக்டுக்கு மாற்றலில் போய்த் திரும்பிய குடும்பங்கள் பரணில் போட்டிருந்த ஸ்வெட்டர்களையும் குல்லாய்களையும் மருதமுத்துவின் மனைவி செல்லக்கிளி வீடு வீடாக ஏறிச் சேர்த்துக்கொண்டு வந்தாள். ஹாலில் பாச்சை உருண்டை வாசம் ஒரு வாரம் போகவில்லை. எங்கள் இருவர் ஷிப்டையும் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று மற்ற ஆபரேட்டர்கள் ஆபீசில் சொல்லிவிட்டு வந்தார்கள். யாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தேன். அதைக்கூட மணிமொழிதான் போட்டாள்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. துணைக்கு வரும் இரண்டு பேரையும் ஜெர்மன் டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. மூன்று நாளாக மருதமுத்துவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். நாலு மணிக்குப் போன் திரையில் வெள்ளைக்காரர் வந்தார். பக்கத்தில், அந்த மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்க்கிற தேவயானி என்கிற பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு. மருதமுத்துவைக் காணோம்.

"வணக்கம் அண்ணா. மற்றவர் எங்கை?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

வந்துகொண்டே இருக்கிறான் என்றேன். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏதேதோ கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். மணிமொழி ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். என் மகன் அறைக்குள்ளிருந்து மாஸ்க்கோடு எட்டிப் பார்த்தான். என் பிள்ளையின் உயிர் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறதே!

நாலரை ஆகப்போகும்போது வந்தான். மழமழவென்று ஷேவ் செய்து, முகம் முழுக்கப் பவுடர். வெளிநாட்டு டாக்டர் பார்க்கப்போகிறாரே என்று சலூனில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் மகராசன்.

"லேட்டாயிடுச்சா?" என்றபடி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இவர் உங்களுக்கு என்ன முறை அண்ணா?" என்று தேவயானி கேட்டாள்.

என்ன முறை என்று சொல்வது? அண்ணனா, தம்பியா, மாமனா? "ரிலீவர்" என்றேன். எனக்கு அடுத்த ஷிப்ட், அவன் வராமல் நான் மெஷினை விட்டு இறங்க முடியாது என்று விளக்கினேன். அவள் அதை மொழிபெயர்த்தாள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக் கேட்டார்.

"இண்டைக்குப் பிந்தி வந்தமாதிரி அங்கையும் வந்தால் என்ன செய்யிறது எண்டு கேக்கிறார். இவர் நேரத்துக்கு வருவாரோ? உண்மையைச் சொல்லச் சொல்லுறார்."

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்றைக்கு ஒருநாள்தான் இப்படி, வழக்கமாக முதல் ஆளாக நிற்பான் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பிள்ளை உயிரைக் காப்பாற்றப்போகிறவரிடம் எப்படிப் பொய் சொல்வது? யோசித்துப் பார்த்தேன். பதினேழு வருடத்தில் ரிலீவர் வராமல் நான் ஒருநாளாவது அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறேனா? இல்லை. 'தானே' புயலில் ஊரெல்லாம் முந்திரியும் பலாவும் சாய்ந்து ரோடே இல்லாமல் போன அன்றைக்குக்கூட, விழுந்த மரங்களை ஏறித் தாண்டி, முழங்கால் சிராய்ப்போடு வந்து ஏறினான். அன்றைக்கும் திட்டினேன்.

"நேரத்துக்கு வர மாட்டாருங்க" என்றேன். அவனுக்கு நான் 'ர்' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஆனா வராம இருக்க மாட்டாரு. ஒருநாளும் வராம இருந்ததில்ல."

தேவயானி கொஞ்சம் தயங்கினாள். "அப்பிடியே சொல்லட்டோ அண்ணா?"

"அப்படியே சொல்லுங்கம்மா."

அவள் வாய் திறப்பதற்குள் மருதமுத்து போன் பக்கம் குனிந்தான். "அம்மா, இதையும் சேத்துச் சொல்லும்மா. நான் லேட்டு பண்ணும்போதுல்லாம் இவரு பசியோட உக்காந்துகினுதான் இருப்பாரு. திட்டுவாரு. ஆனா ஒருநாளும் எம்பேர ஆபீசுல சொன்னதில்ல. சொல்லியிருந்தா என் வேல என்னிக்கோ போயிருக்கும், எம்புள்ளைங்க படிச்சிருக்காது. பதினேழு வருஷமா பத்து நிமிஷம், இருவது நிமிஷம்னு எனக்குக் குடுத்துகினே இருந்தாரு. அத்தத்தான் மொத்தமா திருப்பிக் குடுக்க வர்றேன். மூணு மாசம் பத்துமான்னு தெரியல."

அவனைப் பிடிக்கும் என்பதற்காக நான் சொல்லாமல் இருக்கவில்லை. ஒருத்தன் சோற்றில் மண்ணைப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதை இவன் மனசுக்குள் இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறான். மணிமொழி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண் ஜெர்மனில் நீளமாகச் சொன்னாள். டாக்டர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"தங்கட நேர்ஸ்மாருக்கும் அதுதான் சட்டமாம், அடுத்த ஆள் வராமல் நோயாளியை விட்டுட்டுப் போகேலாதாம். அதனால உங்கள் ரெண்டு பேரையும் தனக்கு விளங்குதாம். ரெண்டு பேரும் வாங்கோ எண்டு சொல்லுறார்." பிறகு சிரித்தாள். "ஆனா மற்றவரைத் தாங்கள் அரை மணித்தியாலம் முன்னுக்குத்தான் கூப்பிடுவினமாம்."

புறப்படுகிற நாள் வந்தது. பத்தரைக்குக் கிளம்புகிறோம் என்று சொல்லியிருந்தேன்; சென்னை விமான நிலையத்துக்குப் போகிற வேன் ஒன்பதரைக்கே வாசலுக்கு வந்துவிட்டது. பையனைக் கூட்டம் சூழாமல் இருக்க முதலிலேயே வேனில் ஏற்றி உட்கார வைத்தோம். பிறகு எனக்கும் மணிமொழிக்கும் நேரம் போனதே தெரியவில்லை. ஒருத்தர் விபூதி பூசினார், ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து அண்ணன் வந்து, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவருக்கும் நான் நன்றியோடுதான் இருந்தேன். எல்லாரிடமும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி முடித்து வேன் கதவைத் திறந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது.

உள்ளே என் மகன் பக்கத்தில் மருதமுத்து. மாஸ்க், ராஜஸ்தான் ஸ்வெட்டர், குல்லாய் எல்லாவற்றையும் நெய்வேலி வெயிலிலேயே மாட்டிக்கொண்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தான்.

"பத்தரைன்னு சொன்னீங்க. மணி என்னாண்ணே இப்ப?"

"நீ எப்பய்யா வந்த?"

"பத்து மணிக்கே. செல்லக்கிளி எனக்குக் கூடத் தெரியாம கடியாரத்த முன்னாடி வெச்சுட்டா. டீ கூட குடிக்கல. புள்ளைய வுட்டுட்டு எப்படி எறங்குறது? ரிலீவர் வரலியே."

மகன் மாஸ்க்குக்குள் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை மாதம் ஆகிவிட்டது! நான் படியில் காலை வைத்து ஏறினேன். கேபினில் ஏறியதும் அவன் கேட்கிற அதே கேள்வி எனக்குத் தானாக வந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா கீதுண்ணே. ஜொரம் இல்ல. ரெண்டு இட்டிலி தின்னுச்சு. மாஸ்க்கு அரிக்குதுன்னு எடுக்கப் பாத்துச்சு, நான் வுடல."

பதினேழு வருடமாக அவன் சொல்லி நான் கேட்டது. இப்போதுதான் முதல் தடவையாக நான் அவனுக்குச் சொன்னேன்.

"நான் பாத்துக்கிறேன். நீ எறங்கு. போய் டீ குடிச்சுட்டு வா."

அவன் குல்லாயைக் கழற்றிக்கொண்டே இறங்கினான். "சீக்கிரமா வந்துடுறேண்ணே."

"மெதுவா வா" என்றேன்.