சுவரில் ஒரு பெருக்கல் குறி

கடையைத் திறந்ததும் தையல்காரர் மெஷினுக்கு எண்ணெய் விடமாட்டார், போனைத்தான் எடுப்பார். மனைவி இறந்துபோன பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ‘விழித்திருப்போர்’ வாட்ஸ்அப் குழுவிலோ, முகம் தெரியாதவர்கள் தினமும் “எழுந்தாச்சா அண்ணே?” என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்காக மனுஷன் எதையும் நம்பத் தயாராயிருந்தார்.

முதலில் நலம் விசாரித்தார்கள். பிறகு பயம் காட்டினார்கள். வெளியாட்கள் பிள்ளைகளைக் கடத்த வீடுகளில் குறி போடுகிறார்களாம். மனைவியின் தம்பி கூப்பிட்டால்கூட, “அப்புறம் பேசறேன் மச்சான், முக்கியமான விஷயம் ஓடுது” என்று வைத்துவிடுவார்.

அன்று கடைக்குக் கிளம்பியபோது, எதிர்வீட்டு மதிலில் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறியைப் பார்த்தார். நாள் முழுக்கத் துணியில் அதே குறியைப் போடுகிறவர்தான். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். படமெடுத்து, தெருப்பெயரோடு குழுவில் போட்டார். வந்து குவிந்த பாராட்டில் மதியச் சாப்பாடே மறந்துபோனது.

சாயங்காலம் “ஆள் சிக்கிட்டான்” என்று ஒரு படம் வந்தது. உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தமாகக் கிடந்தவன் அவருடைய மைத்துனன். அவன் பெயிண்டர்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

“விரிசல் இருக்கிற இடத்துல பட்டி வெச்சு அடைக்கணும்னு காலையிலயே வந்து குறி போட்டேன் மாமா. சொன்னேன், யாரும் காதுல வாங்கல.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “உங்க எதிர்வீடுன்னதும் உடனே வேலைய ஒத்துக்கிட்டேன். போன்லதான் சிக்க மாட்டேங்கறீங்க, சாயங்காலம் நேர்லயாவது பாக்கலாம்னு.”

“படம் போட்டது நான்தான் மச்சான்.”

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

தையல்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததைக் குழுவில் எழுதினார். “நீயும் அவங்க ஆளா?” என்று பதில் வந்தது, காலையில் அண்ணே என்றவன்தான். அடுத்த நிமிஷம் அவரைக் குழுவைவிட்டே நீக்கிவிட்டார்கள். இனி அவரை எழுந்தாச்சா என்று கேட்க யாருமில்லை.

உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார்.

“தனியா இருக்க முடியலடான்னு உன்கிட்ட சொல்ல வெட்கப்பட்டேன். முகம் தெரியாதவங்க கையில புத்தியக் குடுத்துட்டேன். அண்ணேன்னு கூப்பிடறவன் எல்லாம் சொந்தமில்ல. போன்ல வர்றதெல்லாம் உண்மையுமில்ல. அந்தப் படத்த அனுப்பறதுக்கு முன்னாடி, எதிர்வீட்டுக் கதவத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

மைத்துனன் திரும்பாமலே சொன்னான்:

“தட்டியிருந்தா நான்தான் மாமா வந்து திறந்திருப்பேன்.”