ஃபேனில் காயப்போட்ட சட்டை

கரண்ட் போன நேரம் பார்த்து ஈரச் சட்டையை ஃபேன் இறக்கையில் காயப்போடுவது பொன்னுலிங்கத்துக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. மறுநாள் மனைவி பார்க்க வருகிறாள், இருப்பது ஒரே நல்ல சட்டை. கரண்ட் வந்ததும் சட்டை இரண்டு சுற்று ராஜாவாட்டம் பறந்தது. மூன்றாவது சுற்றில் அதன் கை மோட்டாரில் சிக்கிக்கொண்டது. ஒரு முனகல், கொஞ்சம் புகை. அறையில் இருந்த ஒரே ஃபேன் நின்றுபோனது.

"கொள்ளாம்லே," என்றார் பக்கத்துப் பாயில் படுக்கும் முகம்மது ஹனீபா. தேங்காய்ப்பட்டணத்துக்காரர், அறைக்கே காக்கா, அதாவது அண்ணன். "உனக்க சட்டைக்கு காத்து வேணும், எங்களுக்கு வேண்டாம். அப்படித்தானே?"

"ஃபேன் என்னைய விட மூத்தது காக்கா. சாகப் போற நேரத்துல நான் தொட்டுட்டேன், அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. பத்துப் பேருக்குக் கட்டிய அறையில் முப்பது பேர் வேர்த்துக்கொண்டு சிரிப்பது கஷ்டம். மகாராஜா காலத்து ஜெயில். திருவிதாங்கூர் போய்த் தமிழ்நாடு வந்த பிறகும் சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பாக அடித்து அடித்து, சுவர் உள்பக்கமாக வளர்ந்துவிட்டது என்பது பொன்னுலிங்கத்தின் ஆராய்ச்சி முடிவு. ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருவன் புரண்டால் வரிசையே புரள வேண்டும். மூலையில் இடுப்புயரச் சுவருக்குப் பின்னால் கக்கூஸ். புதிதாக வருபவனுக்கு அதன் பக்கத்தில்தான் பாய். பொன்னுலிங்கமும் அங்கேதான் தொடங்கினான். ஆட்கள் ஜாமீனில் போகப் போக, நகர்ந்து நகர்ந்து ஜன்னலடிக்கு வந்துவிட்டான். அதை முன்னேற்றம் என்று சொல்லிச் சிரிப்பான். ஜன்னலுக்கு அப்பால் நகர இடமில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டான்.

அவனுக்கும் ஜாமீன் கிடைத்து நாளாகிவிட்டது. மார்த்தாண்டத்தில் டெம்போ ஓட்டியவன். ஏற்றிய ரப்பர் ஷீட் யாருடையது என்று கேட்காமல் ஓட்டியதுதான் கேஸ். கேட்காதது முதல் தடவையும் இல்லை. வெளியே வர, சொந்தமாக நிலமுள்ள இரண்டு பேர் தீர்வை ரசீதோடு கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவன் சம்மதித்தாயிற்று. இன்னொருவர் மனைவி இந்துஜாவின் அண்ணன் கிருஷ்ணமணி. ஒவ்வொரு மனுவுக்கும் (ஜெயிலில் ஆள் பார்க்க வருவதற்கு அதுதான் பேர்) இந்துஜா ஒரு காரணம் கொண்டுவருவாள். அண்ணனுக்குக் காய்ச்சல். அண்ணியின் தங்கை புதுவீட்டில் பால்காய்ச்சு. வில்லேஜ் ஆபீசர் லீவு.

ஜெயிலில் எதற்குமே நேரான பதில் கிடையாது. ஃபேனைப் பார்க்க வந்த வார்டரும் அப்படித்தான்.

"மேல எழுதணும்."

"எப்ப வரும் சார்?"

"எழுதுனா வரும்."

"எப்ப எழுதுவிய?"

"முதல்ல உனக்க சட்டைய எடுலே."

மறுநாள் ஹனீபாதான் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். "போட்டுட்டுப் போ. பெண்டாட்டிக்க முன்ன பிச்சக்காரனாட்டம் நிக்காத." இன்னொரு ஆளும் உள்ளே நுழையலாம், அவ்வளவு பெரிய சட்டை.

மனு அறையில் இரண்டு கம்பிவலை, நடுவே ஓராள் நடக்கும் இடைவெளி. இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதில், யாருடைய பெண்டாட்டி யாருக்குப் பதில் சொல்கிறாள் என்றே தெரியாது. பொன்னுலிங்கம் தொளதொளத்த கைகளைச் சுழற்றி, ஃபேன் கதையை நடித்தே காட்டினான். இந்துஜா சிரிக்கவில்லை.

"ஏட்டி, இதுக்குமா சிரிப்பு வரல்ல? நந்தனாவக் கூட்டிட்டு வந்திருந்தா எனக்க மோளாவது சிரிச்சிருப்பா."

"பிள்ளைக்கு டியூசன்."

"உனக்க அண்ணன் எப்ப வாறாவ?"

"பாப்போம்."

"காய்ச்சல் மாறிச்சா?"

"மாறிச்சு."

"பால்காய்ச்சு?"

"முடிஞ்சு."

"பிறவு என்னட்டி? இப்ப வில்லேஜ் ஆபீசருக்கா காய்ச்சல்?"

வார்டர் தடியால் கம்பியைத் தட்டினார். பக்கத்துக் குடும்பங்கள் அழுகையை அவசரமாக முடித்துக்கொண்டு நகர்ந்தன. சத்தம் சட்டென்று குறைந்தது. இனி கத்த வேண்டியதில்லை.

"இந்துஜா, நேராச் சொல்லு. அவியளுக்கு என்னையப் பிடிக்கல்ல, அதானே? கால்ல விழுந்துரலாம். எனக்கு அதுல ஒரு வெக்கமும் கெடையாது."

இந்துஜா வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

"அண்ணன் ஜாமீன் கிடச்ச அன்னைக்கே வாறேன்னு சொல்லிச்சு. ரசீதும் எடுத்து வச்சிருக்கு. நாந்தான் வேண்டாம்னேன். நீங்க வந்தா சிரிப்பு காட்டுவிய, நாங்களும் சிரிப்போம். பிறவு ஒருநாள் திரும்பவும் போலீஸ் வந்து கதவத் தட்டும். நந்தனா இப்பதான் பயப்படாம உறங்குதா. நீங்க வரண்டாம்."