கட்டில் பார்க்க வந்த மேடம்

அந்த மெத்தைக் கடையில் விற்பனை பார்க்கும் அவரை எல்லோரும் 'முதுகெலும்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் உள்ளே நுழைந்தாலும் எடுத்த எடுப்பில் அதைப் பற்றித்தான் பேசுவார். "மெத்தை எவ்வளவு ஒசத்தியா இருந்தா என்ன சார், தாங்குற கட்டில் சரியில்லேன்னா முதுகெலும்பு வில்லா வளைஞ்சிடும்" என்று ஆரம்பித்தாரென்றால், தலையணை உறை வாங்க வந்தவர்கூட கட்டிலோடுதான் வீட்டுக்குப் போவார்.

அவர் வீட்டில் கதையே வேறு. புது மெத்தையை, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன இரும்புக் கட்டிலில் போட்டிருந்தார். கம்பிவலை தொய்ந்து நடுவில் பெரிய பள்ளம். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஓரத்தில் படுத்தாலும், கண்ணை மூடியதும் உருண்டு வந்து நடுவில் முட்டிக்கொள்வார்கள்.

"கட்டிலை மாத்துங்க" என்பாள் மனைவி.

"மெத்தை புதுசு. போகப் போகப் படிஞ்சிடும்."

"அது படியுதோ இல்லியோ, நான் படிஞ்சுட்டேன்."

தொல்லை தாங்காமல் ஒருநாள் கம்பிவலை மேல் ஒரு பழைய பலகையைப் போட்டார். அசையும்போதெல்லாம் அது கிரீச்சிட, "வீட்ல படகு கிடகு ஓட்டுறீங்களா?" என்று விசாரித்தார் கீழ்வீட்டுக்காரர். பலகையை எடுத்துவிட்டார். பள்ளம் திரும்பி வந்தது.

மனைவிக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. ஒருநாள் காலை, பள்ளத்தில் படுத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "வரலாம், வரலாம்" என்று குத்துமதிப்பாகச் சொன்னாள். மாணவியும் நம்பி ரிவர்ஸ் எடுத்து, காரைக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய் இடித்தாள். யாருக்கும் அடியில்லை. ஆனால் மனைவிக்கு வந்த கோபத்தில், காரை அப்படியே விட்டுவிட்டு நேராகப் புருஷனின் கடைக்கு நடந்தாள்.

கடைக்குப் புது மேனேஜர் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேலை நேரத்தில் வீட்டு ஆட்களோடு யாராவது பேசினால் முகம் சுளிக்கிற மனிதர். அவர் பக்கத்திலேயே நிற்கிறார், எதிரே மனைவி வருகிறாள். முதுகெலும்புக்கு வேறு வழி தெரியவில்லை.

"வாங்க மேடம்" என்றார்.

மனைவி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். "கட்டில் பாக்கணும்."

"இப்போ எதுல படுக்குறீங்க மேடம்?" வழக்கமாகக் கேட்கிற கேள்வி, வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இரும்புக் கட்டில்ல. வலை தொய்ஞ்சு தொட்டிலாயிடுச்சு. எங்க வீட்டுக்காரர் அதுவே போதும்ங்கிறார்."

மேனேஜர் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு மேடம்?"

"கட்டில் விக்கிறார்."

"அடப்பாவமே! எந்தக் கடைன்னு மட்டும் சொல்லுங்க, அந்தப் பக்கமே யாரையும் போகவேண்டாம்னு சொல்லிடலாம்." பிறகு முதுகெலும்பின் பக்கம் திரும்பினார். "அதுல மெத்தை போட்டா என்னாகும்னு மேடத்துக்குச் சொல்லுங்க."

"மெத்தையும் கூடவே குழியும். முதுகு... வளையும்."

"அப்போ எங்க வீட்டுக்காரர் சொல்றது தப்பா?"

"தப்புதான் மேடம்."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. கழுத்து அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது."

"தப்பு மேடம்!"

கட்டில்களைக் காட்டத் தொடங்கியதும் அவருக்குத் தொழில் ஜுரம் ஏறிவிட்டது. முழுப்பலகை வைத்த கட்டிலைத் தட்டி, "இதுல காத்து போகாது, மெத்தை அடியில வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்" என்றார். அடுத்ததில் சட்டங்களுக்கு நடுவே கையை விட்டு, "இவ்வளவு இடைவெளி இருந்தா மெத்தை பிதுங்கி இறங்கும்" என்றார். மூன்றாவது கட்டிலுக்கு அடியில் படுத்து நுழைந்தே விட்டார். "இதான் மேடம் கட்டில்! சட்டம் நெருக்கமா இருக்கு. நடுவுல ஒரு கால் தரையில நிக்குது பாருங்க. ரெண்டு பேர் படுத்தாலும் அசையாது. சில பேர் தொய்ஞ்ச வலை மேல பலகையைப் போட்டுச் சமாளிப்பாங்க. அதைவிட முட்டாள்தனம் கிடையாது!"

"அது எங்க வீட்டுக்காரர் யோசனைதான்" என்றாள்.

"மேடம், நீங்க ரொம்பப் பொறுமைசாலி" என்றார் மேனேஜர். "படுத்துப் பாருங்க, தப்பில்ல."

படுத்தாள். ஒரு ஓரத்துக்கு நகர்ந்தாள். "ரெண்டு பேர் படுத்தாத்தானே சார் தெரியும்? இவரையும் படுக்கச் சொல்லுங்க."

மேனேஜருக்கு முகம் வெளிறிவிட்டது. "மேடம், எங்க கடையில அப்படியெல்லாம் வழக்கம் இல்ல..."

"எங்க வீட்ல உண்டு சார்."

முதுகெலும்பு கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "என் வீட்டுக்காரிதான் சார்."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தக் கடைப்பக்கம் போகவேண்டாம் என்று சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சாயங்காலமே கட்டில் வீட்டுக்கு வந்தது. முதுகெலும்பு மண்டியிட்டுத் திருகாணி முடுக்கினார்.

"ஏங்க இத்தனை நாள் இழுத்தடிச்சீங்க?"

"பகல் பூரா கட்டில் கட்டில்னே பேசிட்டு வரேனா, வீட்லயும் அந்தப் பேச்சை எடுத்தாலே எரிச்சலா இருந்துச்சு. உன் கழுத்தை நான் நினைக்கல. என் தப்புதான்."

"கடையில சத்தமா சொன்னீங்களே, அதுவே போதும்" என்று ஆணியை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஃபோன் அடித்தது. மனைவிதான் எடுத்தாள். மேனேஜர். "கடை திறந்து ரொம்ப நேரமாச்சு. ஆளைக் காணோமே?"

"தூங்குறார் சார். மூணு தடவை எழுப்பிட்டேன்."

"சரி, தூங்கட்டும் விடுங்க" என்றார் மேனேஜர். "அந்த மாடல்ல இன்னொண்ணு இருக்கான்னு எந்திரிச்சதும் கேட்டுச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு."