நான்கு முறை மேலே

சங்கராபுரத்துக்கு வெளியே இருந்த தனியார் சர்க்கரை ஆலையில் வெங்கடேசன் பத்தொன்பது வருடமாகக் கணினி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் கட்டளைகளை முழுதாகத் தட்டியது முதல் வருடம் மட்டும்தான். கருப்புத் திரையில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு தட்டியவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். எத்தனை முறை அழுத்தினால் எது வரும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். காலையில் நான்கு முறை மேலே, ஒரு என்டர். வண்டிகளின் வரிசைப் பட்டியல் அச்சாகும். அந்த நேரத்தில் அவர் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் தனுஷா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதே வரி பத்து முறை திரும்பி வருவது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒரே கமாண்டு எதுக்கு சார் பத்து தரம் வரணும்? ஒரு தரம் வந்தா போதாதா?"

"பத்து தரம் அடிச்சா பத்து தரம் வரணும். அதுக்குன்னு சொந்த புத்தி இருக்கக் கூடாது" என்றார் வெங்கடேசன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் கிளம்பிய பிறகு, திரும்பத் திரும்ப வருபவை ஒரு முறை மட்டும் வரும்படி அவள் மாற்றிவைத்தாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் காலை பஞ்சரான டயரோடு தியாகதுருகம் சாலையில் நின்றாள்.

வெங்கடேசன் டீயோடு உட்கார்ந்து நான்கு முறை மேலே போய் என்டர் தட்டினார். பிரிண்டர் அசையவில்லை. அதைத் திறந்து, பேப்பரைத் தட்டி, மூடி, மெக்கானிக்குக்குப் புகார் எழுதினார். திரும்ப வந்த வரிகள் நீங்கியதால் நான்காவது இடத்தில் இப்போது குறுஞ்செய்தி அனுப்பும் பழைய கட்டளை இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு விவசாயிகளுக்கு 'இன்று கரும்பை வெட்டி நாளைக் காலை ஆறு மணிக்குள் ஆலைக்குக் கொண்டுவரவும்' என்ற குறுஞ்செய்தி போயிருந்தது. அவருக்கு அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. கொதிகலனைச் சுத்தம் செய்வதற்காக அணைத்திருந்தார்கள். காலை ஆறரைக்கு நாற்பத்தொரு டிராக்டரும் எட்டு மாட்டுவண்டியும் வாசலில் நின்றன.

மேலாளர் தங்கதுரை இருவருக்கும் போன் போட்டு வரவழைத்தார்.

"யார் அனுப்பினது?"

"அழுத்துனது நான்தாங்க. ஆனா நான் அனுப்பல" என்றார் வெங்கடேசன்.

"நானும் அனுப்பல சார். ஆனா மாத்துனது நான்தான்" என்றாள் தனுஷா.

தங்கதுரை இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எழுதிய பிறகும் அவருக்கு விளங்கவில்லை.

அப்போது கரும்புத் தூசியோடு விவசாயி பச்சையம்மாள் உள்ளே வந்தார். அவருடைய இரண்டு டிராக்டர்கள் வரிசையில் முதலில் நின்றன.

"மெசேஜ் வந்துச்சி, வெட்டுனோம், கொண்ணாந்தோம். இப்ப ஆலை லீவுன்னா இன்னாங்க அர்த்தம்? கரும்பு காஞ்சிக்கினு இருக்குது."

வெங்கடேசன் விசைப்பலகையில் மேல் அம்புக்குறியைக் காட்டி நடந்ததைச் சொன்னார். பச்சையம்மாள் குனிந்து அந்த விசையைப் பார்த்தார்.

"இத அழுத்துனா பின்னால போவுமா?"

"ஆமாங்க."

"நாங்க ரிவர்ஸ் போட்டா திரும்பிப் பாப்போம்" என்றார் பச்சையம்மாள்.

சுத்தம் செய்வதை இரண்டு வாரம் தள்ளிவைத்துக் கொதிகலனை மூட்டினார்கள். மாலை நான்கு மணிக்கு அரவை தொடங்கியது. அதுவரை எல்லாருக்கும் எலுமிச்சை சாதம். மறுநாள் மதியத்துக்குள் வாசல் காலியானது.

விசாரணையின் முடிவாக, கணினி அறையின் மேல் அம்புக்குறி விசையைப் பிடுங்கிவிட வேண்டும் என்று தங்கதுரை உத்தரவிட்டார். பிரிண்டர் பார்க்க வந்த மெக்கானிக்கே ஸ்குரூ டிரைவரால் அதைக் கழற்றினார். பிரிண்டரில் கோளாறு எதுவுமில்லை என்றும் எழுதிக்கொடுத்தார்.

அதன்பின் வெங்கடேசன் ஒவ்வொரு கட்டளையையும் எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டியிருந்தது. புதன்கிழமை ஒரே பட்டியலுக்குப் பதினோரு முறை தவறாகத் தட்டினார். டீ ஆறிப்போனது. அதைப் பார்க்கத் தனுஷாவுக்குத் தாங்க முடியவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"மன்னிச்சிருங்க சார். சொல்லாம மாத்திருக்கக் கூடாது. பழையபடியே வச்சிட்டேன்."

"வச்சி இன்னா பண்றது? பட்டனே இல்ல."

"கண்ட்ரோலையும் பி-யையும் சேத்து அழுத்துங்க."

அழுத்தினார். முந்தைய வரி வந்தது. மறுபடி அழுத்தினார், அதற்கு முந்தையது வந்தது. வெங்கடேசன் மேலாளர் அறைக் கதவைப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"அவருக்கு மவுஸ் மட்டும்தான் சார் தெரியும்."

வெங்கடேசன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையிலிருந்த வரியை வாய்விட்டு ஒரு முறை படித்தார். பிறகு என்டர் தட்டினார்.

"கீழ வரணும்னா?"

"கண்ட்ரோலும் என்-னும் சார்."

"அத நாளைக்கி சொல்லும்மா" என்றார். "இன்னிக்கி இது போதும்."