ஒரு கட்டம், ஓர் எண்

“ஒரு கையெழுத்து. அதுக்குப் போய் மூணு நாளா என்னை அலைய விடறியே?”

“உக்காருங்க அத்தான். வரிசையில வந்தா எல்லாருக்கும் மூணு நாள்தான்.”

அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஓய்வுபெறும்வரை இதே புள்ளியியல் அலுவலகத்தின் இயக்குநர். மச்சினியை அலுவலகமே ‘புள்ளி’ என்றுதான் கூப்பிடும். அந்தப் பட்டப்பெயரை வைத்தவரும் அவரே. இப்போது அவர் வீட்டை விற்றாக வேண்டும். வாங்குபவரின் வங்கி நிலத்தடி நீர்ச் சான்றிதழ் கேட்கிறது: இந்தப் பகுதியில் இன்னும் எத்தனை ஆண்டுக்குத் தண்ணீர் வரும்?

“கணக்கு என்ன சொல்லுது?”

“ரெண்டுல இருந்து இருபத்தஞ்சு வருஷம் வரைக்கும்.”

“அப்புறமென்ன, இருபத்தஞ்சுன்னு போடு.”

புள்ளி பேனாவைத் திறக்கவில்லை.

ஒன்பது ஆண்டுக்கு முன் அவள் எழுதிக் கொடுத்தது ‘ஆறு முதல் நாற்பது ஆண்டுகள்’. மழையும் மண்ணும் பிடி கொடுக்காதவை. அதற்குமேல் நெருக்கிச் சொல்ல முடியவில்லை. அத்தான் ஆறு என்பதை அடித்துவிட்டு நாற்பதை மட்டும் அச்சுக்கு அனுப்பினார். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், வளர்ச்சி எட்டு சதவீதம். அதை நம்பிச் சாயப்பட்டறைகள் வந்தன. ஏழாம் ஆண்டு அவள் கணவரின் நாற்றுப்பண்ணைக் கிணறு வற்றியது. முப்பதாயிரம் கன்றுகளை வளர்த்த மனிதர் இன்று அந்தச் சாயப்பட்டறைகளில் ஒன்றில் லாரிகளுக்குக் கேட் திறந்துவிடுகிறார்.

“‘ஆறுல இருந்து நாற்பதுன்னா அது கணக்கா, ஜோசியமா?’ன்னு கேட்டீங்க அத்தான். மீட்டிங்கே சிரிச்சுது.”

“அது வேலை. இது குடும்பம்.”

“பண்ணையும் குடும்பம்தான்.”

அவள் எழுதினாள். அவர் எதிர்ப்பக்கமிருந்தே படித்துவிட்டார்.

“ரெண்டு வருஷமா? அடிப்பாவி, எவன் வாங்குவான்? சரி, முழுசாவே போடு. ரெண்டுல இருந்து இருபத்தஞ்சு வரைக்கும். அதானே நேர்மை?”

“கட்டம் ஒண்ணுதான் இருக்கு. படிவம் நீங்க போட்டது. ஒரு நம்பருக்கு மேல எழுதினா செல்லாதுங்கற சுற்றறிக்கையும் உங்களோடதுதான்.”

“ரெண்டுங்கறது நிஜமாடி?”

“தெரியாது. நாற்பது உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“இது உங்கக்கா தலையிலயும்தான் விடியும்.”

“அக்கா என் வீட்டுக்கு வரட்டும். நீங்க தண்ணி இருக்கற இடமாப் பாத்துப் போங்க.”

முத்திரையை ஓங்கிக் குத்திக் கொடுத்தாள். கொண்டுவந்த ஆப்பிள் பையைக்கூட எடுக்காமல் அவர் போனார்.

அடுத்து வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அத்தானுக்குப் பக்கத்து வீடு. மகளின் படிப்புக்காக விற்கிறாராம்.

“மேடம், பாத்து நல்லதா எழுதுங்க.”

ஒரே தெரு, ஒரே நீர். இவருக்கு இருபத்தைந்து என்று எழுதினால், அந்தத் தாளைக் காட்டியே அத்தான் நாளைக் காலையில் தப்பிவிடுவார்.

புள்ளி அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்காமல் ‘2’ என்று எழுதினாள்.