மாமாவின் நலம் விசாரிப்பும் கடைசிப் பேட்டரியும்

ஷிரே ஆற்று வெள்ளம் செல்போன் கோபுரத்தைச் சாய்த்ததிலிருந்து, இரு கரைக்கும் நெட்வொர்க் என்றால் தியோங்கே பறக்கவிடும் ட்ரோன்தான். அதன் வயிற்றில் கட்டிய பெட்டி உயரே நின்றால் ஊரே பேசலாம். பேட்டரி தீர்ந்தால் ஊரே ஊமை.

இன்று பேச வேண்டியது அவளுடைய நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை யாங்கோவின் வீட்டார் வழக்கப்படி நிச்சயச் சேவலோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண் வீட்டில் அதை வாங்கிக்கொள்ளச் சம்மதம் சொல்ல வேண்டிய அவளுடைய தாய்மாமன் சிகூசேயோ அக்கரையில் மாட்டிக்கொண்டார். அவர் வாய் திறக்காமல் நிச்சயம் ஏது? இன்று முடியாவிட்டால் அறுவடைக்குப் பிறகுதான் என்று மாப்பிள்ளையின் மாமா மலேமியா கறாராகச் சொல்லிவிட்டார்.

சிகூசே போனில் வாய் திறந்தார். அதுதான் வம்பாகிவிட்டது.

"மலேமியா, சௌக்கியமா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? சோளம் எப்படி? ஆடு குட்டி போட்டுச்சா?"

ஒவ்வொன்றுக்கும் மலேமியா நிதானமாகப் பதில் சொல்லி, பதிலுக்கு விசாரித்தார். நலம் விசாரிக்கிற பெரியவர்களை யார் இடைமறிப்பது? பேச்சு சேவலுக்கு வருவதற்குள் பேட்டரி தீர்ந்து தொடர்பு அறுந்தது.

மாற்றுப் பேட்டரியைப் போட்டு ஏற்றினாள். விட்ட இடத்திலிருந்து தொடர்வார் என்று நம்பினாள், பாவம். புது அழைப்பென்றால் புது விசாரிப்பு!

"மலேமியா, சௌக்கியமா? வீட்ல எல்லாரும்..."

"அடக் கடவுளே! மறுபடியும் ஆடு குட்டி போடணுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேறு பேட்டரி இல்லை. மேகமூட்டத்தில் சோலார் தகடு சும்மா கிடந்தது. அறுவடைவரை காத்திருக்க அவளால் முடியவே முடியாது.

யாங்கோ ஓடி வந்தான். "என்ன, இதுவும் போயிடுமா?"

"உங்க மாமாவும் சளைக்காம கேட்டா போகாம என்ன செய்யும்? பேச்சுக்குக் கொஞ்சம்தான் செலவு. பறக்கிறதுதான் மொத்தத்தையும் முழுங்குது..."

சொல்லும்போதே மேட்டிலிருந்த தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது. நல்ல உயரம், தட்டையான மேல்தளம். காற்று தள்ளத் தள்ள, பல்லைக் கடித்துக்கொண்டு ட்ரோனை அதன்மேல் உட்காரவைத்து விசிறிகளை நிறுத்தினாள். மூச்சு விடாமல் காத்திருந்தாள்.

"...கோழிங்களுக்குச் சீக்கு ஒண்ணும் இல்லையே?" என்றது ஸ்பீக்கர்.

தொடர்பு அறவில்லை. இனி ஊர்க் கோழி அத்தனையையும் விசாரிக்கட்டும்!

ஒருவழியாக, பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்விக்கு மாமா வந்தார். "தியோங்கே, இந்தச் சேவலை வாங்கச் சொல்லட்டு..."

"வாங்கச் சொல்லுங்க மாமா!"

கல்யாணப் பெண் தலைகுனிந்து மெல்லச் சொல்ல வேண்டிய பதிலை முற்றத்து மூலையிலிருந்து கத்தினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அவ்வளவு அவசரமாடி உனக்கு?" என்றார் மாமா.

"எனக்கில்ல மாமா, பேட்டரிக்கு!"

யாங்கோ அவள் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தான். பேட்டரியில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது.