டபராவைப் பிடித்த ஏட்டு

கிளாட்சனுக்கு வயிற்றெரிச்சல் வந்தது ஒரு மனிதன்மேல் அல்ல, ஒரு சித்திரக்கதைப் படத்தின்மேல். அதுவும் அவனே பெயர் வைத்து, அவனே வசனம் எழுதி, மூன்று வருஷமாய் வளர்த்துவிட்ட படம். வெளியே சொன்னால் வில்லியனூர் முழுக்கச் சிரிக்கும். அதனால் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தான்.

அந்தப் படத்தின் பெயர் டபரா. விடைத்த காது, பாதி மூடிய கண், ஒரு பக்கம் மட்டும் தூக்கிக் கட்டிய லுங்கி. சில்லறைத் திருடன். அவனுக்கு ஜோடி ஏட்டு எத்திராசு: சிவப்புத் தொப்பி, படிய வாரிய மீசை, சட்டம் பேசும் வாய், அசல் புதுச்சேரி போலீஸ். இரண்டு பேரும் வாழ்கிற ஊரின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடும். இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். டபரா இந்தப் பக்கம் திருடுவான், எத்திராசு துரத்துவான், டபரா ஒரே தாவலில் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "இன்னா ஏட்டய்யா, மூச்சு வாங்குது?" என்பான். அங்கே போய்ப் பிடித்தால் கைது செல்லாது, அதுதான் இந்தக் கதையின் சட்டம். அப்புறம் ஏதாவது ஒரு புதையலுக்காக இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பவேண்டி வந்துவிடும். இந்தக் கூத்தை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். மடுகரையில் பால் வாங்கப் போகிறவன்கூட மாநிலம் தாண்டிப் போய்த்தான் திரும்பி வருவான்.

கதையும் வசனமும் கிளாட்சன். பகலில் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. படம் லியோ பிரகாஷ். வில்லியனூரில் பேனர் அடிக்கிற கடையில் டிசைனர், கிளாட்சனோடு மாதா கோயிலில் ஒரே பெஞ்சில் ஞானோபதேசம் படித்தவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் நாலு பக்கம் போடுவார்கள். முதலில் நாற்பது பேர் படித்தார்கள். இப்போது நாற்பதாயிரம் பேர்.

அதில் முப்பத்தொன்பதாயிரம் பேர் டபராவுக்காகப் படித்தார்கள். கிளாட்சன் எத்திராசுவை உருவாக்கியது தன்னை வைத்து. அதே மீசைக்காரன், நேரத்துக்கு ஆபீஸ் போகிறவன், ஹெல்மெட் போடுகிறவன், எழுத்துப்பிழை கண்டால் பொறுக்காதவன். டபராவை உருவாக்கியது லியோவை வைத்து. அந்தக் காதும் தூங்கு மூஞ்சியும் அப்படியே லியோதான். ஆக, ஜனங்கள் டபராவைக் கொஞ்சும்போதெல்லாம் லியோவைக் கொஞ்சுவது போலவே இவனுக்குப் பட்டது.

பாதாளக் கிணறு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்குள் ஒரு கல்வெட்டு. எத்திராசு அதை எழுத்துக் கூட்டி வாசிக்கிறான்: "இப்புதையலைத் தீண்டுவோன் ஏழு தலைமுறையும் சோறின்றி நீரின்றி அலைந்து மாளக்கடவன்." அந்தச் சாபத்தை எழுத கிளாட்சனுக்கு இரண்டு நாள் ஆனது. கல்வெட்டுத் தமிழ் சரியாக வர வேண்டுமென்று நாலு புத்தகம் புரட்டினான். பக்கத்துக் கட்டத்தில் டபரா சொல்வது ஒரே வரி: "எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல ஏட்டய்யா." அது எழுத இரண்டு விநாடி. அந்த வரியைத்தான் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். சாபத்தை ஒரு நாய்கூடச் சீந்தவில்லை.

போன வருஷம் சுரேஷ்குமார் இதை விளையாட்டாக்கினான். கடைத்தெருவில் அவன் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை, இவனுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு. போனில் விளையாடலாம்: பாழடைந்த பங்களா, சுரங்கம், தீவு என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். எத்திராசுவாகவும் போகலாம், டபராவாகவும் போகலாம். எத்திராசுவுக்கு எழுத்து படிக்கத் தெரியும், தாண்டத் தெரியாது. டபராவுக்குத் தாண்டத் தெரியும், படிக்கத் தெரியாது. ஒரு மாதம் கழித்து சுரேஷ்குமார் கணக்கெடுத்துச் சொன்னான், நூறு பேரில் எண்பத்தெட்டு பேர் டபராவை எடுக்கிறார்களாம். "மீதி பன்னெண்டு பேரு?" என்று கிளாட்சன் ஆசையோடு கேட்டான். "அதுல பாதி பேரு தெரியாம அமுக்கிட்டேன், எப்டி மாத்தறதுன்னு மெசேஜ் போட்டிருக்காங்கண்ணா."

போதாததற்கு வீட்டில் வேறு. மனைவி சோபனாவின் போனைத் திறந்தால் முகப்பில் டபரா பல்லிளித்துக்கொண்டு நிற்கிறான்.

"எத்திராச வெக்க மனசு வரலையா உனக்கு?"

"அத வேற போன்ல பாக்கணுமா? அதான் வூட்லயே இருக்கே," என்றாள் சோபனா, வெங்காயம் நறுக்கியபடி.

அன்றைக்குத்தான் கிளாட்சன் முடிவெடுத்தான். டபராவை ஒழித்துக்கட்ட வேண்டும். கொல்ல வேண்டாம், கொன்றால் தெய்வமாக்கிவிடுவார்கள். கைது. காலாப்பட்டு ஜெயில், ஏழு வருஷம். அதற்குப் பிறகு எத்திராசு தனியாகப் புதையல் தேடட்டும். நாற்பதாயிரம் பேரில் ஒரே ஒரு ஆளாவது "எனக்கு ஏட்டய்யாவைத்தான் பிடிக்கும்" என்று சொல்லட்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனையும். சொன்னால் கேவலம், ஆனால் உண்மை அதுதான்.

நாலு பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதினான். பெட்டிக்கடை வாசல். டபரா டீ குடித்துக்கொண்டு நிற்கிறான். எத்திராசு பின்னாலிருந்து வந்து விலங்கு மாட்டுகிறான். டபரா வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுக்க, எத்திராசு சொல்கிறான்: "இனி நீ பேசாத. நான் பேசறேன்." அடியில் கொட்டை எழுத்தில் லியோவுக்கு ஒரு குறிப்பும் போட்டான்: கடை நம்ம எல்லைக்குள் இருக்க வேண்டும்.

லியோ அதைப் படித்துவிட்டு வெகுநேரம் காதைச் சொறிந்தான். "நெஜமாவே புடிச்சிரப் போறானா?"

"முப்பத்தாறு கதையா ஓடிட்டான். போலீஸ்னா ஒரு நாளு புடிக்கத்தான வேணும்."

"அப்பறம் அவன் இன்னா பண்ணுவான்?"

"ஜெயில்ல இருப்பான்."

"நான் டபராவ கேக்கல. ஏட்டு இன்னா பண்ணுவான்னு கேட்டேன்."

"அத நான் பாத்துக்கறேன். நீ வரைஞ்சு குடு."

லியோ வரைந்து அனுப்பினான். "பாத்தியா, போட்டுரவா?" என்று கேட்டான். கிளாட்சன் நாலாம் பக்கத்தை மட்டும் திறந்து, டபராவின் கையில் விலங்கு இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தான். இருந்தது. இரண்டு கையிலும் இருந்தது. அந்தத் தூங்கு மூஞ்சி முதல் தடவையாக விழித்துக்கொண்டு பார்த்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. "போடு," என்றான்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்து போனைத் திறந்தால், போன் கையில் நிற்காமல் துள்ளுகிறது. திட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்தான், அதற்குத் தயாராகவும் இருந்தான். ஆனால் யாரும் திட்டவில்லை. ஒருவர் எழுதியிருந்தார்: "ஏட்டய்யா மனசு யாருக்கு வரும்." இன்னொருவர்: "முப்பத்தாறு கதை டபரா ரசிகனா இருந்தேன், இன்னிலேர்ந்து எத்திராசு கட்சி." இன்னொருவர், அழுகிற மூஞ்சிகளை வரிசையாகப் போட்டு: "இந்த மனுஷன இத்தினி நாளா கவனிக்காம வுட்டுட்டோமே."

கிளாட்சனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாதா சிலை நிற்கும் கெபி பக்கம் ஒதுங்கி நின்று நாலாம் பக்கத்தை மறுபடியும் திறந்தான். இந்தத் தடவை விலங்கைப் பார்க்கவில்லை. கடையைப் பார்த்தான். கடை வாசலில் ஒரு வாழைத்தார் தொங்கியது. தாருக்குப் பின்னால் ஒரு போர்டு. பாதி மறைந்த எழுத்து. மிச்சப் பாதியைக் கூட்டிப் படித்தால், விழுப்புரம் மாவட்டம்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கைது செல்லாது.

ஜனங்கள் அதை ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்து, எத்திராசு வேண்டுமென்றேதான் அங்கே போய்ப் பிடித்தான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். மேலதிகாரி நெருக்கியிருக்கிறான், பிடித்தே ஆக வேண்டிய கட்டாயம், அதனால் கோர்ட்டில் நிற்காத இடமாகப் பார்த்துப் பிடித்தான், டபரா நாளைக்கே வெளியே வந்துவிடுவான். "இனி நீ பேசாத" என்று சொன்னதுகூட, டபரா எதையாவது உளறிக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதானாம். விஷமாய் எழுதிய வரியை இவர்கள் பாயசமாய்க் குடித்துவிட்டார்கள்.

ஆசைப்பட்ட வாக்கியம் வந்துவிட்டது, ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில். ஆனால் அதைச் சம்பாதித்துக் கொடுத்தவன் லியோ. பாழாய்ப்போன வாழைத்தார் ஒன்றை வரைந்து எத்திராசுவுக்கு ஒரு மனசைக் கொடுத்துவிட்டான். மூன்று வருஷமாய் அவன் டபராவை மட்டும்தான் வைத்திருந்தான், இப்போது எத்திராசுவையும் பிடுங்கிக்கொண்டான். கிளாட்சன் வண்டியை உதைத்து நேரே பேனர் கடைக்குப் போனான்.

லியோ ஒரு காதுகுத்து பேனருக்கு மாமன்மார் தலைகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நம்ம எல்லைன்னு எழுதனேன் இல்ல?"

"எழுதன."

"அப்பறம் எதுக்குடா அந்தப் பக்கம் போட்ட?"

"நம்ம பக்கந்தான் மொதல்ல வரைஞ்சேன். மூணு வாட்டி வரைஞ்சேன். ஏட்டு மூஞ்சி வரவே மாட்டேங்குது. கொடூரமா வருது." லியோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏட்டு அப்டி பண்ண மாட்டான்டா."

தான் உருவாக்கிய ஆளைப் பற்றித் தனக்கே ஒருவன் சொல்லிக்கொடுக்கிறான். அதுவும் சரியாகச் சொல்கிறான். அதைவிட எரிச்சல் வேறென்ன இருக்கிறது? கிளாட்சன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு ரசிகர் கூட்டம். சுரேஷ்குமார் ஏற்கெனவே எல்லோரையும் கூப்பிட்டுவிட்டான், தவிர்க்க முடியாது. ஹார்டுவேர் கடை மாடியில் எழுபது நாற்காலி போட்டு, எண்பது பேர் வந்திருந்தார்கள். முன்னால் இரண்டு நாற்காலி, இரண்டு மைக். லியோ உட்கார்ந்ததுமே கைதட்டல். கிளாட்சன் அதை எண்ணாத மாதிரி எண்ணிக்கொண்டிருந்தான்.

கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த தேவி என்ற நர்சிங் மாணவி எழுந்தாள். "டபரா தனியா இருந்தான்னா வெறும் திருடன் சார், நாலு நாள்ல சலிச்சிரும். ஏட்டய்யா கடுப்பாவறாரு பாருங்க, அதுலதான் சிரிப்பே. அவ்ளோ கடுப்புலயும் வுட்டுக் குடுக்கல பாருங்க. அந்த எல்லை தாண்டிப் புடிக்கற ஐடியா யாருது சார்?"

"கிளாட்சனுது," என்றான் லியோ, கண்ணிமைக்காமல்.

எண்பது தலைகள் இந்தப் பக்கம் திரும்பின. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் இவனுடையது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் லியோ பிச்சை போட்டு இவன் எடுத்துக்கொள்வதா? அதற்கு இவன் பொறாமை இடம் கொடுக்கவில்லை.

"என்னுது இல்ல," என்றான் கிளாட்சன் விறைப்பாக. "நான் நம்ம எல்லைக்குள்ள புடிக்கச் சொல்லித்தான் எழுதனேன். இவன் மாத்தி வரைஞ்சுட்டான்."

யாரோ சிரித்தார்கள்.

"பாத்தியான்னு கேட்டேன்," என்றான் லியோ. "போடுன்னான்."

"நான் வெலங்க மட்டுந்தான் பாத்தேன்."

சிரிப்பு பரவியது. கிளாட்சனுக்கு மூஞ்சி சிவந்தது. "நான் உண்மையத்தாங்க சொல்றேன். போர்ட வாழைத்தாருக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சது இவன்."

"ஒளிக்கலடா," என்றான் லியோ தூக்கக் கலக்கத்தோடு. "பழுத்தா எறக்கிருவாங்க. அப்ப எல்லாருக்கும் தெரியும்."

மாடியே அதிர்ந்தது. தேவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். பழையபடி லியோதான், பழையபடி இரண்டு விநாடி வரிதான். கிளாட்சனுக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. எவன் எவன் சிரிக்கிறான் என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் போலக் கூட்டத்தை வரிசையாகப் பார்த்தான்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். யாரும் லியோவைப் பார்க்கவில்லை. லியோ சொல்லி முடித்த அந்த நொடியில் எண்பது பேரும் இவன் மூஞ்சியைத்தான் பார்த்தார்கள். இவன் மீசை துடிப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் சிரித்தார்கள்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அது அப்படியேதான் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் கிளாட்சன் மூஞ்சியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு லியோ பக்கம் திரும்பினான். எந்தக் கேள்வி கேட்டால் லியோ கூட்டத்தை இன்னும் பெரிதாகச் சிரிக்க வைப்பான் என்று ஒரு விநாடி யோசித்தான். பிறகு மைக்கை எடுத்து அதைக் கேட்டான்.